ஒரே வளைகூரையின் கீழ்: வாஷிங்ரன் நிலக்கீழ் நிலையமொன்று பற்றிய விமரிசனம்

கட்டடங்களை விமரிசிக்கும் பழக்கம் எம்மிடையே அதிகமில்லை. கோயிற் கட்டடக்கலை பற்றி எழுதுவோர் உளர். மக்கள் அன்றாடம் ஏறியிறங்கும் புகையிரத நிலையமொன்றின் உருவத்தையும் அதனைத் தோற்றுவித்த சமூகத்தையும் சேர்த்து நோக்குவோர் மிகச் சிலரே. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகர் எல்லையிலுள்ள பிரெண்ட்ஷிப் ஹைற்ஸ் நிலையம் அத்தகைய நோக்குக்குப் பெரிதும் இடந்தருவது. நூல்கள், வரைபடங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் துணைகொண்டே ஈண்டு அதனை அணுகுகிறோம்.

வாஷிங்ரன் நகரும் மேரிலாந்து மாநிலமும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் அடியிலே இந்நிலையம் அமைந்துள்ளது. மேலே விஸ்கொன்சின் பெருந்தெருவும், செல்வர் நாடும் கடைகள் நிறைந்த புறநகர் வணிகப் பகுதியும் உள. மெற்றோவின் செந்நிறப் பாதை வான் நெஸ்ஸிலிருந்து வடக்கே நீட்டப்பட்டபோது, 1984 ஓகஸ்ற் 25ஆந் திகதி இது திறக்கப்பட்டது.

உள்ளே தூண் எதுவுமில்லை. முன்னரே வார்த்தெடுக்கப்பட்ட கொங்கிறீற்றுத் துண்டங்களாலான ஒரே வளைகூரை, 600 அடி நீளமான மேடையையும் தண்டவாளங்களையும் ஒருங்கே தழுவி நிற்கிறது. அதன் பரப்பில் பெருங் குழிவுகள் வரிசையாக அமைந்துள்ளன. விளக்குகள் கீழிருந்து மேல்நோக்கி ஒளி பாய்ச்சுவதால், கூரையிற் பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியே பிரயாணிக்குக் கிடைக்கிறது. புகையிரதம் நெருங்கும்போது மேடை விளிம்பிற் பதிக்கப்பட்ட விளக்குகள் மின்னி மின்னி அணைகின்றன. எவருடைய கையும் சுவரை எட்டாதபடி அனைத்தும் விலக்கி வைக்கப்பட்டுள்ளன. கிறுக்குவோரைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட இவ்விலகலே கூரைக்கு ஒரு தேவாலயத் தன்மையையும் அளித்துவிடுகிறது.

இவ்வமைப்பை வகுத்தவர் சிக்காகோக் கட்டடக் கலைஞர் ஹரி வீஸ். நிலையம் தோண்டப்பட்ட முறை அதன் வடிவிலே புலப்பட வேண்டும், பாறையைக் குடைந்த நிலையம் ஒருவகையாகவும் வெட்டி மூடிய நிலையம் வேறுவகையாகவும் தோன்ற வேண்டும் என்பதே அவரது ஆரம்ப எண்ணம். 1967 இல் அதனைப் பரிசீலித்த நுண்கலை ஆணைக்குழு, எல்லா நிலையங்களுக்கும் ஒரே பெருவடிவம் வேண்டுமென வற்புறுத்தியது. பிற்கால நிலையங்களிற் செலவு கருதிக் குழிவுகளின் அளவு மாறினும் குடும்பச் சாயல் மாறவில்லை. செல்வர் பகுதிக்கும் வறியோர் பகுதிக்கும் ஒரே கூரை என்பதே மெற்றோவைப் புகழ்வோர் முதலிற் சொல்வது. 2014 இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவகம் அதற்கு இருபத்தைந்தாண்டு விருதையும் வழங்கியது.

இப்புகழ்ச்சியை உருவத்தை மட்டும் நோக்கி ஏற்றுக்கொள்வது விமரிசனமாகாது. இந்நிலையத்தின் மேலுள்ள நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1906 இல் இவ்வயலிலே, பெல்மன்ட் என்னும் பெயரிற் கறுப்பின மக்களுக்கும் மனைகள் விற்க முயன்றனர் சிலர். செவி சேஸ் நிலக் கம்பனி நீதிமன்றம் சென்று அம்முயற்சியை முறியடித்தது. அக்கம்பனியை நிறுவிய பிரான்சிஸ் நியூலான்ட்ஸ், கறுப்பினத்தாரின் வாக்குரிமை நீக்கப்பட வேண்டுமெனப் பகிரங்கமாக வாதாடிய அரசியல்வாதி. பிரெண்ட்ஷிப் என்றால் நட்பு. பெயரின் முரணைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

இனிக் காலத்தை நோக்குவோம். 1968 இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபின் கலவரத்தால் எரிந்த யூ தெருவுக்கு, நகரின் மையத்திலேயே இருந்தும், மெற்றோ 1991 இலேயே வந்தது. அதற்கு வடக்கே கொலம்பியா ஹைற்ஸ் 1999 வரை காத்திருந்தது. கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழும் தென்கிழக்கின் கொங்கிறஸ் ஹைற்ஸ் நிலையம் திறக்கப்பட்டது 2001 இல். கடைத்தெருவுக்கும் அதற்கும் இடையே 16 ஆண்டுகளுக்கு மேல். பாதை பற்றிய வழக்குகளும் நிதித் தட்டுப்பாடும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவை பொய்யல்ல. ஆயினும் தட்டுப்பாடு வரும்போது எப்பாதை காத்திருக்க வைக்கப்படுகிறது என்பது கட்டடக்கலைக்கு அப்பாற்பட்ட தீர்மானம். கொங்கிறீற்றிற் சமத்துவத்தை வார்த்தவர்கள் நாட்காட்டியில் அதனை வார்க்கவில்லை.

அவ்வாறாயின் வீஸின் கூரை வெறும் மயக்கந்தானா? உருவம் அனைத்தையும் ஆளும் வர்க்கத்தின் முகமூடியெனத் தள்ளிவிடும் நண்பர்கள் எம்மிடையே உளர். அவர்களுடன் இங்கு உடன்பட இயலவில்லை. பிரெண்ட்ஷிப் ஹைற்ஸிலிருந்து கடைத்தொகுதிகளுக்கு நேரடி வழிகள் அமைக்கப்பட்டன. ஆனால் கடைகள் வளைகூரையின் கீழ் இறங்க அனுமதிக்கப்படவில்லை. கீழே விற்பனையில்லை, உண்பதற்கும் பருகுவதற்குந் தடை. இத்தடை எத்துணைக் கொடூரமாகவும் மாறலாம் என்பதை, 2000ஆம் ஆண்டில் அடுத்த நிலையமான ரென்லிரவுனில் உருளைக்கிழங்குப் பொரியல் ஒன்றைத் தின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி விலங்கிடப்பட்டுக் கைதானபோது உலகம் கண்டது. மண்டபத்தின் தூய்மைக்கு ஒரு குழந்தையைப் பலியிட்ட செயல் அது. அதே கண்டிப்பினாலேயே, 2020 இல் மேலுள்ள பெருங் கடைகள் சில மூடப்பட்டு, 2022 இறுதியில் மாஸா கலரி என்னுங் கடைத்தொகுதியும் கதவடைத்தபோது, கீழேயுள்ள மண்டபத்தில் அகற்றுவதற்கு ஒரு விளம்பரத் தட்டியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. பண்டங்களின் வரவையும் மறைவையும் சாராத பொதுவிடமாக அது இன்றும் 600 அடிக்கு நீண்டு கிடக்கிறது. மேலே அடுக்குமாடிக் குடியிருப்புகள் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.