அந்தரத்தில் ஓர் இரும்புக்கை

அதிமானுட வீரர்களைப் பற்றிய சித்திரக்கதைகளில் உத்தமமானது எது என்று என்னை வினவுவோருக்கு, விண்ணிலிருந்து வந்திறங்கிய சூப்பர்மேனையும், வௌவால் வேடம் தரித்த கோதம் நகரத்துச் சீமானையும், கானகத்தின் நடுவே கபாலக் குகையில் வீற்றிருக்கும் வேதாளரையும் உரிய மரியாதையோடு சற்றே விலகியிருக்கச் சொல்லிவிட்டு, ஒரு கையை இழந்து, அதற்கு ஈடாக உருக்கினாற் செய்த கையொன்றைப் பெற்று, மின்சாரம் பாய்ந்த கணத்தில் அந்தக் கை மாத்திரம் தெரிய மற்ற அங்கமெல்லாம் மறைந்துபோகும் லூயிஸ் கிராண்டேலின் பெயரையே நான் முதலிற் சொல்வது வழக்கம். தமிழ் வாசகர் அவனை இரும்புக்கை மாயாவி என்று அறிவர். மற்ற வீரர்களெல்லாம் எதையோ கூடுதலாகப் பெற்று உயர்ந்தவர்கள்; இவனுடைய சக்தியோ ஓர் இழப்பிலிருந்து பிறந்து, அந்த இழப்பின் அடையாளத்தை ஒருபோதும் மறைக்க முடியாமல் தவிக்கும் சக்தி. அந்தத் தவிப்பிலேதான் இந்தக் கதையின் ரசம் முழுவதும் தங்கியிருக்கிறது.

பிறப்பால் அவன் ஆங்கிலேயன். 1962 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டனில் தோன்றிய 'வாலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே அவனுடைய கதை ஆரம்பித்தது. முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் டொம் டல்லி. சித்திரம் வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1972 ஜனவரியில், சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாக இவனுடைய கதையைத் தேர்ந்து, அவன் பெயரையே நூலுக்கும் சூட்டியது. சொந்த நாட்டில் அவனை இன்று முதியோரும் சேகரிப்பாளருமே நினைவில் வைத்திருக்க, தமிழிலோ அவன் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனாகவே ஆகிவிட்டான். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாதாள நகரம்' என்று தலைப்புகளை ஒப்புவிக்கத் தொடங்கினால் எங்கள் தலைமுறையில் யாரும் எளிதில் நிறுத்தமாட்டார்கள்.

இனிச் சித்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் என் பட்சபாதத்துக்கு உண்மையான காரணம் அதுதான். கண்ணுக்குத் தெரியாதவனை எழுத்தில் வருணிப்பது அவ்வளவு கடினமன்று. கதாசிரியர் 'அவன் மறைந்தான்' என்று இரண்டு சொல்லில் தம் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். தூரிகை பிடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஒரு வெற்றிடத்தை வரைந்து, அதில் ஓர் ஆள் நிற்கிறான் என்று வாசகனை நம்பவைக்கவேண்டும். பிளாஸ்கோ இதைச் சாதித்த விதம் அபூர்வமானது. தொலைபேசியை எடுக்கும் ஒரு கை, கதவின் குமிழைத் திருகும் ஒரு கை, மாடிச் சுவரைப் பற்றித் தொங்கும் ஒரு கை என்று கை ஒன்றை மாத்திரம் அவர் வரைகிறார். ஆனால் அந்தக் கையின் சாய்விலிருந்து தோள் எங்கே இருக்கும், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், கால் எந்தப் படியில் ஊன்றியிருக்கும் என்பதை நம்முடைய கண் தானாகவே கணக்கிட்டுக்கொள்கிறது. சுற்றி நிற்போரின் பார்வையும் இதற்குத் துணைபுரிகிறது: காவற்காரனின் விழி கையை நோக்கிப் பாய, அவனுடைய உடலோ கைக்குப் பின்னால் இருக்கவேண்டிய மார்பைக் கண்டு பின்வாங்குவது போல வளைந்திருக்கும். அந்தக் கையிலும் எத்தனை பாவம்! ஐந்து உலோக விரல்களைக் கொண்டே கோபத்தையும், தயக்கத்தையும், களைப்பையும் காட்டுவது நாட்டிய சாஸ்திரம் பயின்றோரும் மெச்சத்தக்க காரியம். முகபாவத்துக்கு இடமே இல்லாத கட்டத்தில் ஹஸ்தம் ஒன்றினால் ரசத்தைப் பிறப்பிப்பது என்பது நம்மவருக்கு அந்நியமான வித்தையன்று. அதனாற்றானோ என்னவோ, பார்சலோனாக்காரர் வரைந்த படம் இங்கே அவ்வளவு எளிதாக வேர்கொண்டது.

கறுப்பையும் வெள்ளையையும் அவர் பிரயோகித்த முறையும் கவனிக்கத்தக்கது. நுண்ணிய கோடுகளால் துணியின் மடிப்பையும் செங்கல்லின் சொரசொரப்பையும் தீட்டிவிட்டு, பக்கத்திலேயே மையை வாரி இறைத்தாற் போல ஒரு கரிய நிழலை வைப்பார். அந்த நிழலின் விளிம்பில்தான் இரும்புக்கை மினுங்கும். சிவகாசியின் சாதாரணச் செய்தித்தாட் காகிதத்தில் நுண்கோடுகள் பல சிதைந்துபோயின என்பது மெய்யே. ஆயினும் நிழலும் மினுக்கமும் சிதையவில்லை.

இலங்கையின் வடக்கே, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் எங்கள் முரசுமோட்டையில் இந்தக் கதைகள் பெற்ற சுவை, சிவகாசியிலோ இலண்டனிலோ பெற்றிருக்க முடியாத சுவை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. 1977க்குப் பின்னர் கட்டு தளர, பழைய பிரதிகளும் புதிய பிரதிகளும் கலந்து, அட்டை கிழிந்து, கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தன. பின்பு போர் வந்தது. 1990களில் வன்னிக் கிராமங்களுக்கு மின்சாரம் இல்லை, மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பண்டம், மண்ணெண்ணெயோ அருமருந்து. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லை ஒருவர் சுற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் மற்றவர் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், ஜாம் போத்தலுக்குள் திரி எரியும் விளக்கின் ஒளியில், சுவரிலுள்ள மின்துளையில் விரலை நுழைத்தாலன்றி மாயமாக முடியாத ஒரு வீரனின் கதையை நாங்கள் வாசித்தோம்! மின்சாரம் தீர்ந்தால் அவனுடைய மாயமும் தீர்ந்துவிடும். பகைவர் நடுவே உடல் மெல்ல மெல்ல வெளிப்படத் தொடங்கும். மின்விளக்கின் கீழ் வாசித்தவர்களுக்கு அது கதாசிரியர் வைத்த வெறும் நிபந்தனை. எங்களுக்கோ அது நித்திய அனுபவம். முரசுமோட்டைக்கு அவன் வந்தால் டைனமோவைத்தான் பிடிக்கவேண்டும் என்று சிறுவர் சிரித்துக்கொள்வதுண்டு. ஆனையிறவு உப்பிலிருந்து மின்பகுப்பினால் கோஸ்டிக் சோடா வடித்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அயலிலேயே பாழடைந்து கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தச் சிரிப்பின் உவர்ப்பு விளங்கும்.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கையிழந்தவரும் காலிழந்தவரும் மிகுந்த நாடு எங்களுடையது. செயற்கை அவயவம் பூண்டு வயலுக்குப் போவோரை அன்றாடம் காண்கிறோம். வெட்டுண்ட இடத்தின் நோவு, வார் உரசியுரசி உண்டாகும் புண், இல்லாத விரல் நடு இரவில் குடைவது போன்ற பிரமை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிராண்டேலுக்கோ இவற்றில் ஒன்றுமில்லை. கை பொருத்திய மறுகணமே அது அவனுக்குப் பழகிவிடுகிறது. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய மாய மனிதன், உடுப்பு மறையாத காரணத்தால் ஆங்கிலக் குளிரில் நிர்வாணமாக நடுங்கினான். நம் மாயாவிக்கு உடுப்பும் சேர்ந்தே மறையும் சௌகரியத்தை ஆசிரியர்கள் அருளிவிட்டார்கள். வேதனை குறைந்த அளவுக்குக் கதையின் ஆழமும் குறைந்தது என்பது என் கருத்து.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் துணிவுடையவர்கள். மாயாவி ஆரம்பத்தில் நல்லவனல்லன். விபத்தினால் மதி திரிந்து, கொள்ளையும் அழிவும் செய்யும் துஷ்டனாகவே முதற் கதையில் வலம் வருகிறான். ஊரெல்லாம் ஒரு கையைத் தேடி வேட்டையாடுகிறது. பிற்பாடு திருந்தி, நிழல் படை என்னும் இரகசியப் பிரிவில் சேர்ந்து நற்காரியம் செய்கிறான். 1984இல் லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகம் செய்த குற்றச்சக்கரவர்த்தி ஸ்பைடரும் இதே கோத்திரத்தவன். அவனுடைய கதைகளிற் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் என்பது சுவையான செய்தி. ஸ்பைடரின் ஆணவம் எனக்கு மிகவும் பிடிக்கும். எனினும் ரெஜ் பன்னின் சித்திரத்தை பிளாஸ்கோவின் சித்திரத்தோடு வைத்துப் பார்க்கும்போது மனம் மாயாவியிடமே திரும்புகிறது. மாயாவிக்குப் பின்னாளில் விசேஷ உடை மாட்டி, அமெரிக்க வீரர்களைப் போல ஆக்க முயன்ற கதைகளை நான் ரசிப்பதில்லை. விரலுக்குள் துப்பாக்கியும் வானொலியும் வந்து புகுந்த கதைகளைச் சகித்துக்கொள்வேன்.

இந்தச் சுவையைத் திரையில் தேடுவோர், 1933இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'தி இன்விசிபிள் மேன்' படத்தை அவசியம் காணவேண்டும். கிளாட் ரெயின்ஸ் என்னும் நடிகரின் முகம் கடைசியில்தான் தென்படுகிறது. அதுவரை குரல் ஒன்றே நடிக்கிறது. நடிகரைக் கரிய வெல்வெட்டினால் போர்த்தி, கரிய திரைக்கு முன் நிறுத்திப் படம்பிடித்து, வேறு படச்சுருளோடு இணைத்து அந்த மாயத்தை உண்டாக்கினார்கள். நம் பக்கத்தில் 1987இல் வந்த 'மிஸ்டர் இந்தியா'வில் மறைந்தவனைச் சிவந்த ஒளி காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு நல்ல யுக்தி; அதைத் தழுவி பாக்யராஜ் நடித்த 'என் ரத்தத்தின் ரத்தமே' குழந்தைகளோடு பார்க்க ஏற்றது. மிஷ்கினின் 'முகமூடி' (2012) சிரத்தையோடு எடுக்கப்பட்டும் கனத்துப்போன படம். மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023) வேறு ரகம்: பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி ஒருவனை அவனுடைய கதாநாயகனின் குரலே அதட்டி வழிநடத்துகிறது. தமிழ்த் திரையில் சித்திரக்கதை மீது இத்தனை அன்பு கொண்ட படத்தை நான் வேறு கண்டதில்லை. இரும்புக்கை மாயாவியின் பெயரில் லோகேஷ் கனகராஜ் எடுக்க விரும்பிய படம் இன்னும் வரவில்லை. ஆங்கிலம் வாசிப்போர், 2005இல் வெளிவரத் தொடங்கிய 'அல்பியன்' தொடரில் மாயாவியும், ஸ்பைடரும், இயந்திர மனிதன் ஆர்ச்சியும் மறக்கப்பட்ட கைதிகளாக வாழக் காணலாம். அலன் மூர் கதையமைக்க, அவர் மகளும் மருமகனும் எழுதிய நூல் அது.

2009இன் தொடக்கத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு புத்தகங்களும் போயின. இப்போது எங்களூர்ப் பிள்ளைகளுக்கு மின்சாரம் உண்டு, கைபேசி உண்டு, மாயாவியைத்தான் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொக்லேற்றோடு இரண்டு சித்திரக்கதை மறுபதிப்புகளையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார்களானால் உபகாரமாக இருக்கும். முதல் வாசிப்புக்கு 'பாம்புத் தீவு' உகந்தது. அதன்பின் 'நாச அலைகள்'. வர்ணம் பூசிய பதிப்பு கிடைத்தாலும் வாங்கவேண்டாம். கறுப்பு வெள்ளையே வாங்குங்கள்.