மூக்குக்கண்ணாடியில் அகப்பட்ட பேய்

பேயைக் கண்டேன் என்பார் நம்மவருள் எக்காலத்தும் உண்டு. பேயைப் படம் பிடித்தேன் என்பாரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உண்டு. பேயை என் மூக்குக்கண்ணாடியே பிடித்தது, நான் கண்டவாறே நீயும் காண்பாயாக என்று அழைக்கும் கூட்டம் ஒன்று இப்பொழுது புறப்பட்டிருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்திலே பட்டாணி அளவில் ஒரு படக்கருவி, காதோரத்தில் ஒலிவாங்கி, கையில் ஒன்றுமில்லை. அதனை அணிந்து நள்ளிரவிற் பாழ்மனைக்குட் புகுந்து, கண்டதையும் காணாததையும் கைப்பேசித் திரை வாயிலாக உலகுக்குக் காட்டுகின்றனர்.

இவற்றை யாம் கதைகளாகக் கொண்டே ஆராயப் புகுகின்றோம். கதைத்தலைவன் உண்டு, இடம் உண்டு, உச்சம் உண்டு; பார்ப்போர் தொகைக்கேற்ப வருமானமும் உண்டு. இலக்கியப் பகுதியில் இதற்கென்ன வேலை என்று வினவும் அன்பர்க்கு ஒன்று சொல்வோம்: நம் தோட்டத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் இரவில் போர்வைக்குள் இருந்து பார்க்குங் கதை இதுவே. நாம் படிக்கச் சொல்லும் கதைகளை அவர்கள் பகலிலும் படிப்பதில்லை.

இக்கதைகளுக்கு வேண்டிய களம் ஜொகூரில் நிரம்பவுண்டு. ஜொகூர்பாருவினின்று கோத்தா திங்கிக்குச் செல்லும் வழியிலுள்ள உலு திராமையே எடுத்துக்கொள்வோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்திற் பலவிடத்துத் தாமான் வரிசைகள் வந்தன. இத்தகைய ஊர்களில் ஆளொழிந்த லயமும், கூரை சரிந்த ஆயாக்கொட்டகையும், புல் மூடிய பிரட்டுக்களமும் எஞ்சி நிற்பது இயல்பு. குடியிருந்தோர் வேலை போய், வீடு போய், ஊர் மாறிப் போயினர். அவர்கள் போனதற்குக் காரணம் நிலத்தின் விலை. கண்ணாடியணிந்த இளைஞர் சொல்லுங் காரணமோ மோகினி!

படக்கருவிக்கும் ஆவிக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்துச் செதுக்குவேலைக்காரர் வில்லியம் மம்லர் என்பார் 1860-களில் ஆவிப்படம் எடுத்துப் பொருளீட்டினார். 1869-இல் நியூயார்க்கில் அவர்மீது வழக்கு நடந்தது. ஊரையே ஏமாற்றிக் காட்சி நடத்திப் பெயர்பெற்ற பி. டி. பார்னம் என்பவரே வந்து, இது ஏமாற்று என்று சாட்சி சொன்னார். ஆயினும் செய்த விதம் மெய்ப்பிக்கப்படாமையால் மம்லர் விடுதலை பெற்றார். கணவரைக் கொலையிற் பறிகொடுத்த லிங்கன் மனைவியார், தம் தோளிற் கணவர் கைவைத்து நிற்பதாகக் காணும் படமொன்றை அவரிடம் பின்னர் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் வில்லியம் ஹோப் என்பவரது தட்டுமாற்றத்தை, தட்டுகளில் மறைவாகக் குறியிட்டுக் கொடுத்து 1922-இல் ஹாரி பிரைஸ் வெளிப்படுத்தினார். அப்பொழுதும் ஹோப்பின் பக்கம் நின்று வாதாடியவர் யார்? துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்! முதல் உலகப் போரின் முடிவில், 1918-இல், மகனை இழந்தவர் அவர். அறிவுடையார் எப்படி ஏமாந்தார் என்று நகைப்பது எளிது. துயரமுடையார் எப்படி ஏமாறாதிருப்பார் என்று கேட்பதே முறை. ஆவிப்படக்காரர் அக்காலத்தும் இக்காலத்தும் விற்பது ஆறுதலை. சரக்கு மட்டுமே போலி.

நிற்க. கண்ணாடிக் கதையின் கலைக்கு வருவோம். இது தன்மையிடத்திற் சொல்லப்படுங் கதை. சொல்பவன் முகம் நமக்குத் தெரியாது. அவன் கழுத்துத் திரும்பும் திக்கெல்லாம் நம் கண்ணுந் திரும்புகிறது. ஓசை கேட்டதும் கழுத்து வெடுக்கென்று திரும்ப, படம் கலங்குகிறது. கலங்கிய அந்தக் கணத்திலேதான் பேய் நின்றதாம். நாம் அஞ்சுவது பேயை அன்று, ஒரு கழுத்தின் அச்சத்தையே. இதனைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புகிறோம். பழைய படக்காரர் முக்காலியை ஊன்றி நிறுத்தினார். அதனால் அவர் தட்டிலே ஏதேனும் ஒன்றைக் காட்டித் தீரவேண்டியதாயிற்று. கண்ணாடிக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒன்றும் காட்டாமலே கதையை முடிக்கலாம்.

காட்டுவதாகச் சொல்லும் சிலவற்றையும் பார்ப்போம். இருட்டிலே இத்துணைச் சிறிய வில்லைக்குள் ஒளி போதிய அளவு புகாது. கருவி கிடைத்த சிறு ஒளியைப் பெருக்கும். அதனோடு மின்னிரைச்சலையும் பெருக்கும். புள்ளி புள்ளியாக நெளியும் அவ்விரைச்சலில் முகத்தைக் காண்பது நம் மூளையின் வேலை. மேகத்திலே யானை காணும் அதே வேலை. பளிச்சொளி வில்லைக்கு அணித்தே இருந்தால், முன்னே பறக்கும் தூசி வெள்ளுருண்டையாய்த் தோன்றும். அதனை ஆவியுருண்டை என்று பெயரிட்டு அழைக்கின்றனர். விளையாட்டுக்கென 2010-இல் விற்பனைக்கு வந்த கினெக்ட் என்னுங் கருவியையும் பேய்வேட்டைக்குக் கொண்டனர். மனித உடலைத் தேடிக் குச்சியுருவாக வரைவதே அதற்கு இடப்பட்ட ஏவல். நாற்காலியின்மேற் சட்டை தொங்கினால் அதையும் மனிதனென்றே வரைந்துவிடும். தேடச் சொன்னதைத் தேடிக் கொடுத்த வேலைக்காரனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா?

இன்னொன்று. இவ்வகையிற் பரவலாக விற்கும் ரேபான் மெட்டா கண்ணாடி 2023-இல் வந்தது. அது படம் பிடிக்கும்போது சட்டத்தில் ஒரு சிறு வெள்ளொளி எரியும். எதிரே நிற்பவர் தம்மைப் பிடிப்பதை அறியவேண்டும் என்பதற்காக. ஆளில்லாத லயத்தின் சன்னற் சில்லிலே திடீரென்று ஓர் ஒளிப்புள்ளி மிதந்ததாக அலறும் வேட்டைக்காரர் தம் நெற்றியோரத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. அன்றியும், மின்சாரம் அறுந்த லயத்திலே பின்னணி வாத்தியம் வாசிக்கிறவர் யாரென்று இதுகாறும் ஒருவரும் சொல்லவில்லை.

அச்சம் மெய்யாகவே தோன்றும்போது அதை ஆராயும் முறை ஒன்றுண்டு. விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளர் தம் ஆய்வுக்கூடத்தில் வியர்த்து நடுங்கினார். கண்ணோரத்திலே சாம்பல் நிற உருவமொன்றைக் கண்டார். மறுநாள் அங்கே வாட்போர்க் கத்தியொன்று தானே அதிர்வதைக் கண்டு காரணந் தேடினார். புதிதாகப் பொருத்திய காற்றாடி, காதுக்கு எட்டாத நொடிக்கு 19 அளவான அதிர்வை எழுப்பியது என்று கண்டு, 1998-இல் எழுதினார். அவர் விளக்கத்தை எல்லாரும் ஏற்றாரல்லர். ஆயினும் அவர் அறையைவிட்டு ஓடவில்லை. நம் வேட்டைக்காரரோ ஓடுவதையே படத்தின் முடிவாக வைக்கின்றனர்.

இலங்கையிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், பேய் உண்டென்ற வீடுகளிற் படுத்துறங்கிப் பார்த்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் என 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் இறக்கும்வரை அதைப் பெற்றவர் இல்லை. பேய் பிடித்ததென்று தம்மிடங் கொணரப்பட்டோரின் மனநோவையும் இல்லத்துக் கொடுமையையும் விசாரித்துக் குறிப்பெழுதினார். அவர் கண்ட நிகழ்ச்சியொன்றே 1973-இல் ‘மறுபிறவி’ என்னும் தமிழ்ப்படமாயிற்று.

இனி, பேய் இலக்கியத்திற்கு ஆகாதென்று யாம் சொன்னதாக எவரும் கொள்ளவேண்டா. பேயில்லாத தமிழ் இலக்கியமே குறைவு. புறப்பாட்டின் போர்க்களத்திற் பேய்மகளிர் உண்டு. காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறும். கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வற்றி, களத்திலே கூழட்டு, தமக்குள் நகையாடி உண்ணுகின்றன. அப்பேய்கள் பேசும். அரசன் வெற்றிக்குப் பாடிய நூலிலே போரின் கோரத்தை எடுத்துச் சொல்லும் வாய் அவற்றுக்கே வாய்த்தது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘காஞ்சன’யும் தன்மையிடத்துக் கதையே. ஆனால் அங்கே சொல்பவன் தன் கண்ணையே ஐயுறுகிறான். அந்த ஐயமே கதையின் உயிர். கண்ணாடிக் கதையிலோ ஐயத்தைக் கருவி விழுங்கிவிட்டது. அதன் பேயும் ஊமை. தகரத்தைத் தட்டும், கதவை ஆட்டும், அவ்வளவே. இறந்தவள் யார், எதனால் இறந்தாள் என்று அதனிடம் எவரும் கேட்பதில்லை.

மலாய் மக்களின் பொந்தியானாக்கும் நம் மோகினிக்கு உறவே. பிள்ளைப்பேற்றில் இறந்தவள் என்பது கதை. 1957-இல் கேத்தே கிரிஸ் நிறுவனத்தார் எடுத்த ‘பொந்தியானாக்’ படம் பெருவெற்றி பெற்றது. அதை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவினின்று வந்தவர். அதற்கும் நூறாண்டு முன்னே, 1849-இல் அச்சான ‘ஹிகாயத் அப்துல்லா’வில், தமிழுங் கற்ற மலாக்கா முன்ஷி அப்துல்லா இத்தகைய நம்பிக்கைகளைக் கடிந்தெழுதினார். இரத்தப்போக்கிலும் சன்னியிலும் மாண்ட பெண்ணை அச்சமூட்டும் பொருளாக்குவது நம் இரு சாராருக்கும் பொதுவான கொடுமை. ஆனால் தமிழ்நாட்டிலே கருவுடன் இறந்தவள் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கமும் உண்டு. அவள் இறக்கிவைக்க இயலாத சுமையை நினைந்து, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவர். ஒரே சாவுக்கு இருவேறு கதைகள். ஒன்று அவளைக் கண்டு ஓடச் சொல்கிறது. மற்றது அவளருகில் நிற்கச் சொல்கிறது. நல்ல கதை எது என்பதில் எமக்கு ஐயமில்லை.

மலாயாத் தோட்டங்களில் இறந்தோர்க்குக் குறைவில்லை. மலேரியாவிற் போனவர் பலர். 1942, 1943-இல் சப்பானியர் பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, நாம் சயாம் மரண ரயில் என்னும் அதற்கு, மலாயாவினின்று 70,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரவர் மாண்டனர். அவர்களுட் பலருக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. அவர்கள் விட்டுப்போன லயத்திலே நின்றுகொண்டு, இங்கே என்ன நடந்தது என்று கண்ணாடிக்காரர் கேட்பது மெத்தச் சரியான கேள்வி. கேட்கப்பட்டவர்தாம் தவறு. அக்கேள்வியை இருட்டை நோக்கிக் கேட்டுவிட்டு, விடைக்காக ஒரு மின்காந்தமானியின் விளக்கைப் பார்த்து நிற்கின்றனர்.

இரண்டு வீதி தள்ளித் தாமான் வீட்டுத் திண்ணையிலே, தகப்பன் சயாமுக்குப் போன நாளை நினைவிற் கொண்ட பாட்டி இருக்கக்கூடும். அன்று பதினைந்து வயதிற் போய் மீண்டவர் எவரேனும் இன்றிருந்தால் அவர்க்கு வயது நூறை நெருங்கும். கையிற் கருவி தெரியாதபடி முகத்திலே அணியும் இக்கண்ணாடி, கூச்சமுடைய முதியவரைப் பேசவைப்பதற்கு மிகவும் ஏற்றது. அவர்தம் இசைவைக் கேட்டுக்கொண்டு, அந்தச் சிறு வெள்ளொளி எதற்கென்றும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறைக்குச் சில நிமிடங்களே பதியுமாதலின், மின்கலத்தை நிறைத்துக்கொண்டு பகலிலேயே போவது நலம்.