எல்லாம் ஒரே ஒயர்தான் சார்!

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிற என் மைத்துனனைப் பார்க்க ஒரு சேல்ஸ் இளைஞர் வந்திருந்தார். டை, லேப்டாப், புன்னகை எல்லாம் கச்சிதம். “பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைத் தூக்கிக் கடாசுங்க சார். போன், இன்டர்நெட், கார்டு மெஷின், வாசல் கேமரா... எல்லாத்துக்கும் ஒரே ஒயர், ஒரே பில்!”

“நீங்க என்ன சொல்றீங்க அத்தான்?” என்று என் முகத்தைப் பார்த்தான் மைத்துனன்.

நான் பி.காம். ‘ஒரே பில்’ என்ற வார்த்தைக்கு உருகாத காமர்ஸ்காரன் உண்டா? உருகத்தான் செய்தேன். பாதி உருகும்போது கனடா ஞாபகம் வந்துவிட்டது.

“தம்பி, அந்த ஒரு ஒயர் படுத்துக்கிட்டா?”

“அதெல்லாம் படுக்காது சார்.”

படுத்ததே! 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ரோஜர்ஸ் என்கிற கனடாவின் ராட்சத டெலிகாம் கம்பெனி. செல்போன், வீட்டு போன், இன்டர்நெட், ஆபீஸ் லைன் என்று எல்லாம் ஒரே மூச்சில் அவுட். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அம்போ. இன்டராக் என்கிற டெபிட் கார்டு அமைப்பும் ரோஜர்ஸை நம்பி இருந்ததால், நாடு முழுக்க டெபிட் கார்டு தேய்த்தால் வேலை செய்யவில்லை. நம் ஜனங்கள் நிறையப் பேர் வசிக்கிற டொரன்டோவில் கடை வாசலில் ‘ரொக்கம் மட்டும்’ அட்டை தொங்கியது. தி வீக்கெண்ட் என்ற பாடகரின் கச்சேரி அன்று ராத்திரி தள்ளிப்போனது. அது நடக்க இருந்த அரங்கத்தின் பெயர் என்ன தெரியுமோ? ரோஜர்ஸ் சென்டர்!

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட முடியாது என்பார்கள். போட்டிருந்தார்கள். அந்த முடிச்சுக்குப் பெயர்தான் கன்வர்ஜென்ஸ்.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் போனில் பேசினால், பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென்று தனியாக ஒரு வழி. இன்டர்நெட்டுக்கு வேறு வழி. இப்போது குரலையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஈ-மெயில் போகிற அதே சாலையில் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு சாலைக்குப் பதில் ஒன்று. பராமரிக்க ஒரே டீம். சிக்கனம்தான், கெட்டிக்காரத்தனமும்கூட. அதை நான் குறை சொல்லவில்லை. மிச்சமான பணத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்களா என்பதுதான் கேள்வி.

ரோஜர்ஸில் அப்போது செல்போனுக்கும் கம்பி வழிச் சேவைக்கும் நடுநாயகமான ‘கோர்’ நெட்வொர்க் ஒன்றாகவே இருந்தது. அதை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கட்டத்தில் ஒரு ரௌட்டரில் இருந்த வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரு தெருவின் தபால்காரர் தலையில் ஊருலகத்து விலாசம் பூராவையும் கொட்டின மாதிரி, தகவல் வெள்ளம் கோர் ரௌட்டர்களுக்குள் பாய்ந்தது. அவை மூர்ச்சையாகிவிட்டன.

முதலில் இந்த வேலைக்கு ‘ஆபத்து அதிகம்’ என்றுதான் முத்திரை குத்தியிருந்தார்கள். ஐந்து கட்டம் சுபமாக முடிந்ததும் ‘ஆபத்து குறைவு’ என்று மாற்றிவிட்டார்கள். ஐந்து செக் பாஸாயிற்றே என்று பேலன்ஸைப் பார்க்காமல் ஆறாவது செக்கில் கையெழுத்துப் போடுகிற ஆசாமியை எந்த ஆடிட்டர் மன்னிப்பார்?

இன்னும் கேளுங்கள். ரிப்பேர் செய்ய வேண்டிய ஊழியர்கள் கையிலும் ரோஜர்ஸ் போன்தான். ஒருத்தரோடு ஒருத்தர் பேச முடியவில்லை. நெட்வொர்க்கைத் தூரத்திலிருந்து கண்காணிக்கிற வழியும் அந்த கோர் மூலமாகத்தான் போனது. மற்ற கம்பெனிகளின் சிம் கார்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம். பூட்டின வீட்டுக்குள்ளேயே சாவி!

வயிற்றைக் கலக்குவது அடுத்த விஷயம். கோர் செத்தாலும் டவர்கள் உயிரோடு இருந்தன. அதனால் செல்போன்கள் ‘நம்ம கம்பெனி இருக்கிறதே’ என்று ரோஜர்ஸ் டவரையே பிடித்துக்கொண்டு நின்றன. வேறு கம்பெனிக்குத் தாவவில்லை. பலர் அவசர எண் 911-ஐ அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. இங்கே பணயம் வைக்கப்பட்டது உயிர்.

பிற்பாடு ரோஜர்ஸ் வாடிக்கையாளர்களுக்கு ஐந்து நாள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே செல்போனுக்கும் கம்பிச் சேவைக்கும் கோரைத் தனித்தனியாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தது. அதற்குக் குறைந்தபட்சம் 25 கோடி கனடா டாலர் ஆகும் என்றும் சொன்னது. சேர்த்ததில் லாபம் பார்த்தவர்கள் பிரிப்பதற்குச் செலவழிக்க வேண்டியதாயிற்று!

இது கனடாவோடு போயிற்றா? அடுத்த வருஷம், 2023 நவம்பர் 8, ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நெட்வொர்க் ஏறக்குறைய அதே பாணியில் படுத்தது. சுமார் 1 கோடிப் பேர் பாதிப்பு. அதன் தலைமை அதிகாரி கெல்லி பேயர் ரோஸ்மரின் அதே மாதம் ராஜினாமா செய்தார்.

நியாயமாகச் சொன்னால், பொதுவான கோர் வைத்திருப்பது ஊரில் இல்லாத அதிசயமில்லை. பல கம்பெனிகள் அப்படித்தான் நடத்துகின்றன. ஆனால் சேமிப்பு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. ஆபத்து மட்டும் மருந்துக் கடைக்காரர், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறவர் கணக்கில் ஏறுகிறது. டெபிட் ஒரு வீட்டில், கிரெடிட் இன்னொரு வீட்டில். எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

கடைசியில் மைத்துனனுக்கு என்ன சொன்னேன்? “ஒரே ஒயர் போட்டுக்கோ. மிச்சமாகிற காசில் வேறொரு கம்பெனியில் சின்னதாக இன்னொரு இணைப்பு வாங்கு. இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் வருதான்னு கேளு. ராத்திரி இன்சுலின் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்கணும் இல்லையா?”

அதைச் செலவுக் கணக்கில் எழுதாதே, இன்ஷூரன்ஸ் கணக்கில் எழுது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பள்ளம் பற்றிக் கேட்டதும் டை கட்டிய இளைஞர், “ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்” என்று கிளம்பினார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.