மிஞ்சிப்போன பாகம்

பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்காத பையன் கிடையாது. கழற்றுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. திரும்பப் பூட்டி முடித்த பிறகு ஒரு சின்னத் திருகாணி கையில் மிஞ்சி நிற்குமே, அப்போதுதான் சங்கடம். ராபர்ட் பிர்ஸிக் என்ற அமெரிக்க ஆசிரியர் 1974-ல் வெளியிட்ட 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டெனன்ஸ்' என்ற நூலை இரண்டாவது தடவை படித்தபோது எனக்கு அந்தச் சங்கடம்தான் ஏற்பட்டது.

ஒரு தகப்பனார் தம் பதினோரு வயது மகன் கிரிஸ்ஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, மினஸோட்டாவிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரை மோட்டார் சைக்கிளில் போகிறார். கதை அவ்வளவுதான். வழியெல்லாம் 'தரம்' என்றால் என்ன என்ற விசாரம். அதற்காகவே நூலைப் புகழ்கிறவர்கள் உண்டு. இலக்கியமாக நிற்பது என்னவோ இஞ்சினைப் பற்றிய பக்கங்கள்தான் என்பது என் கட்சி.

ஒரு சமயம் இஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடுகிறது. பட்டறையில் விடுகிறார். ரேடியோ அலறுகிறது, பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். மேல்மூடியை உளியாலும் சுத்தியலாலும் பெயர்க்கிறான் ஒருவன். குறி தப்பி, குளிர்ச்சிக்காக உள்ள தகடுகள் இரண்டு உடைகின்றன. நாலு போல்ட்டில் ஒன்றே ஒன்றின் பிடியில் இஞ்சின் தொங்கிக்கொண்டு வீடு வருகிறது. கோளாறு தீரவில்லை. பிறகு அவரே கண்டுபிடிக்கிறார்: வேகமாகப் போகும்போது எண்ணெயை மேலே ஏறவிடாமல் தடுத்தது, முறிந்துபோன இருபத்தைந்து ஸென்ட் ஊசி ஒன்று. மனசு வேலையில் இல்லாதவனைப் பற்றி இவ்வளவு கோபமாகவும், கோபத்தைக் காட்டிக்கொள்ளாமலும் எழுதியவர்கள் அதிகம் இல்லை.

இன்னோர் இடம். எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது, தரையில் ஒரு பேரிங் தகடு கிடக்கிறது! மறுபடியும் முழுவதும் கழற்ற வேண்டும். இதற்குப் பரிகாரம் சொல்கிறார்: கழற்றும் வரிசையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள், பாகங்களைச் செய்தித்தாளின்மேல், பக்கத்தைப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்கி வை.

நூலின் உள்கதையும் இதுதான். கதை சொல்பவர் முன்பு மொன்டானாவில் கல்லூரி ஆசிரியராக இருந்து, சித்தம் கலங்கி, ஆஸ்பத்திரியில் மின்சார அதிர்ச்சி வைத்தியத்தால் பழைய மனிதனை இழந்தவர். வழிநெடுக அந்தப் பழைய மனிதனின் ஞாபகங்களைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படி பூட்டிக்கொண்டு வருகிறார். பூட்டி முடிக்கும் தறுவாயில் ஒரு பாகம் வெளியே கிடக்கிறது. அது கிரிஸ்.

பையன் வயிற்றை வலிக்கிறது என்கிறான், அழுகிறான், பின்னால் உட்கார்ந்தவனுக்கு அப்பாவின் முதுகைத் தவிர எதுவும் தெரிவதில்லை. வால்வின் சிறு சத்தம் கேட்கும் காது அவருடையது; மகனுடைய அழுகை அந்தக் காதுக்குத் தாமதமாகத்தான் எட்டுகிறது. இது ஆசிரியருக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை என்று முதல் தடவை நினைத்தேன். அப்படி இல்லை, தெரிந்தே எழுதியிருக்கிறார். கடைசியில் உண்மையைப் பேசிக்கொண்ட பிறகு, பையன் கால்வைக்கும் கட்டையில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக முதல் தடவையாகச் சாலையைப் பார்க்கிறான். அருமையான இடம். ஆனால் திருகாணிக்குப் பல பக்கங்கள் பொறுமை காட்டியவர், மகனுக்குச் சில பக்கங்களே தருகிறார். சமாதானம் அவசரமாகப் பூட்டப்பட்டுவிட்டது. என் குறை இது ஒன்றுதான்.

1979-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலேயே கிரிஸ் கொலையுண்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பின்னால் வந்த பதிப்பில் தகப்பனாரே அதை எழுதிச் சேர்த்தார். நூலை மதிப்பிடும்போது இந்தச் செய்தியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விமரிசன தர்மம். அந்தத் தர்மத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த முடிவு அவசரமானது என்று மேலே எழுதினேன்; அதை அடிக்கவில்லை. ஆனால் அந்தச் சில பக்கங்களையாவது எழுதினாரே என்று இப்போது தோன்றுகிறது.