பழைய டிஜிட்டல் காமிரா இன்னும் பயன்படுமா?

வீட்டு அலமாரியில் உறங்கிக் கிடக்கும் பழைய டிஜிட்டல் காமிராவை எடுத்துத் தூசி தட்டுகிறீர்கள். அல்லது பழைய பொருள் கடையில் ஒன்றைப் பார்த்து விலை கேட்கிறீர்கள். செல்பேசி கையில் இருக்க, இது எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது கேனன் பவர்ஷாட் ஏ570 ஐ.எஸ். என்னும் சிறு காமிரா. இது 7.1 மெகாபிக்சல் கொண்டது. லென்ஸ் நகர்ந்து நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இரண்டு 'ஏஏ' பேட்டரிகளில் இயங்கும்.

முதலில் இதன் குறையைப் பார்ப்போம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் மண்டபத்தின் அரையிருளில், அனுமதி பெற்று ஒரு தூணைப் படமெடுப்பதாகக் கொள்ளுங்கள். இதன் ஒளியுணரியின் பரப்பு சுமார் 25 சதுர மில்லிமீட்டர்தான். லென்ஸ் துளையின் அளவு எஃப் 2.6. இன்றைய செல்பேசிகள் பலவற்றில் அது எஃப் 1.8. அதாவது, உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் செல்பேசியில் இரு மடங்கு ஒளி விழுகிறது. மேலும், செல்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிப் புள்ளிகளைக் குறைக்கிறது. எனவே இருளில் செல்பேசிக்கே வெற்றி.

இப்போது பாகூருக்கு வாருங்கள். மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சுவரில் உயரத்தில் உள்ள ஒரு வரியை நண்பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். காமிராவின் லென்ஸ் 140 மி.மீ.க்கு இணையான குவியத் தொலைவு வரை நீளும், அப்போதும் 7.1 மெகாபிக்சல் முழுதும் கிடைக்கும். செல்பேசியின் முதன்மை லென்ஸோ சுமார் 26 மி.மீ.க்கு இணையானது. அதே காட்சியைப் பெற, படத்தை 5.4 மடங்கு வெட்டிப் பெரிதாக்க வேண்டும். பரப்பில் 29 மடங்கு. 12 மெகாபிக்சல் படத்தில் எஞ்சுவது 0.4 மெகாபிக்சலே! தொலைவு லென்ஸ் தனியாக உள்ள செல்பேசிகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆனால், ஊசுட்டேரியின் நடுவில் நீந்தும் பறவைகளுக்கு இந்த 140 மி.மீ.யும் போதாது என்பதை மறவாதீர்கள்.

மாணவர்களுக்கு வேறொரு பயனும் உண்டு. இதில் துளையையும் ஒளிவிடும் நேரத்தையும் நாமே மாற்றலாம். பெரும்பாலான செல்பேசிகளில் துளை மாறாதது. பம்புசெட்டிலிருந்து கொட்டும் நீரை நல்ல வெயிலில் 1/1000 நொடியில் எடுத்துப் பாருங்கள். துளிகள் உறைந்து நிற்கும். அந்தி ஒளியில், காமிராவைச் சுவர்மீது வைத்து 1/10 நொடியில் எடுங்கள். நீர் துணிபோல் வழியும். பாடநூலில் படித்தது கண்முன் விளங்கும்.

'பழைய சி.சி.டி. உணரி தரும் நிறமே தனி' என்று சொல்லி விலையை ஏற்றுவோர் உண்டு. 1969-இல் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி. 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது உண்மையே. ஆனால் அது ஒளியின் அளவை மட்டுமே அறியும். நிறம் அதன்மேல் உள்ள வடிகட்டியாலும் காமிராவின் கணக்கீட்டாலும் அமைகிறது. ஆகவே அப்பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

வாங்குமுன் சிலவற்றைச் சோதியுங்கள். வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் உணரியின் உள்ளிணைப்பு விடுபட்டுப் படம் கெடுவதாக, 2005 அக்டோபரில் பல நிறுவனங்கள் அறிவித்தன. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் தயாரானவையே அவை. நம் கடலோரக் காற்றில் இது கவனிக்கத்தக்கது. எனவே கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸில் பூஞ்சை, பேட்டரி அறையில் துரு உள்ளனவா என்றும் நோக்குங்கள்.

நம் தீர்ப்பு இதுதான்: வீட்டில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மலிவாகக் கிடைத்தால், கற்பதற்காக வாங்கலாம். இரவுப் படங்களுக்கும் திரைக்காட்சிக்கும் என்றால், பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்!