இளமை தீர் திறம்: ஒரு மறுநோக்கு

வாழ்வைப் பின்பற்றியே இலக்கணம் எழும் என்பர். வாழ்வு மாறிய பின்னரும் பழைய பாகுபாட்டின் பெயர் நம் நாவில் நின்று, நம் தீர்ப்புகளை ஆள்வதும் உண்டு. விவாகரத்துப் பெற்று, நாற்பது ஐம்பது அகவையில் மீண்டும் ஒரு துணையை நாடுவோர் இன்று கொழும்புத் தமிழரிடையே அரியர் அல்லர். போரும் புலப்பெயர்வும் கணவனை ஒரு நாட்டிலும் மனைவியை வேறொரு நாட்டிலுமாக வைத்து முறித்த இல்லறங்களும் பல. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களிலும் இவர்கள் நம் அயலவராகவே வாழ்கின்றனர். ஒருவரையொருவர் அறியும்பொருட்டு இவர்கள் பழகும் பழக்கத்தைச் சுட்ட நம்மிடம் உள்ள சொல் யாது? ‘தொடுப்பு’ என்னும் யாழ்ப்பாண வழக்கே முதலில் எழுகின்றது, அது பழிச்சொல். பழியற்ற சொல் ஒன்று ஏன் நமக்கு அமையவில்லை என்பதை இலக்கியத்துள் வைத்து ஆராய்வாம்.

தொல்காப்பியர் பெருந்திணைக்குரியனவாக நான்கு கூறுகின்றார். அவற்றுள் ஒன்று இளமை தீர் திறம். இதற்கு இளம்பூரணர் மூன்று நிலைகளைக் காட்டுவர். தலைவன் முதியனாய்த் தலைவி இளையளாதல் ஒன்று. தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதல் மற்றொன்று. இருவரும் இளமை நீங்கியபின் அறத்தில் மனம் செல்லாது காமத்திற் செல்லுதல் மூன்றாவது. முதலிரண்டும் பருவம் ஒவ்வாமையாற் பெருந்திணையாயின. மூன்றாவதிலோ பருவம் ஒத்தது. விருப்பமும் இருபாலும் உளது. ஆயின் பொருந்தாமை யாண்டையது? அறத்தை விட்டமையே குறை என்பது உரையாசிரியர் கருத்து. ஈண்டு நுணுகி நோக்கல் வேண்டும். அவர் பழித்தது அறம் நீங்கிய காமத்தை. இளமை நீங்கிய அன்பை அன்று. பின்வந்த நாம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

கற்பியல் இதனை மேலும் தெளிவாக்கும். காம நுகர்ச்சி நிரம்பிய பிற்பருவத்தில், மக்களோடும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்தவற்றைப் பயில்வதே கழிந்த வாழ்வின் பயன் என்பது அவ்வியலின் துணிபு. தலைவன் மட்டும் என்றோ தலைவி மட்டும் என்றோ கூறாது இருவரையும் ஒருங்கு வைத்தமை கருதத்தக்கது. பிற்பருவத்து அறமும் இருவர் கூடிச் செய்வதாயின், இடைவயதில் தனித்தவர் துணை தேடுதல் அவ்வறத்தைத் தேடுதலே ஆகும். நோக்கத்தால் அது பெருந்திணையினும் கற்பியலுக்கே அணித்து. எனினும் அவ்வியல் தலைவனது பின்முறை வதுவையைப் பேசுகின்றதேயன்றித் தலைவிக்கு அவ்விடம் நல்கவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை.

இவ்வேறுபாட்டைப் பெரியபுராணத்திலும் காணலாம். புனிதவதியாரின் தெய்வத்தன்மை கண்டு அஞ்சிய பரமதத்தன், கடல் கடந்து பொருளீட்டிப் பாண்டிநாட்டில் வேறொரு மணம் முடித்தான். பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இட்டான். அவனுக்கு மறுவாழ்வு ஓர் இல்லமாயிற்று. அம்மையாருக்கோ அது வனப்பை உதறிய பேய்வடிவாயிற்று. பத்தியின் சிகரம் அது. ஆயின் அடியார்க்குரிய அருநெறியைத் தனித்த பெண்டிர் அனைவர்க்கும் பொதுவிதியாக்குதல் காப்பியத்தைப் பிழைபடக் கற்றலாம். மற்றொன்றும் நோக்குக: பரமதத்தன் மகளோடு அம்மையார் அடியில் வீழ்கின்றான். அப்பிரிவுக்குக் குற்றவாளி ஒருவரைச் சேக்கிழார் தேடவில்லை.

குற்றவாளியைத் தேடியது பிற்காலச் சட்டம். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பிறர்மனை நயத்தல், வன்மக் கருத்தோடு கைவிடல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மையின்மை முதலான இயலாமை என மூன்றையே விவாகரத்துக்குக் காரணங்களாக விதித்தது. கண்டிச் சிங்களவர்க்கான 1952ஆம் ஆண்டுச் சட்டம் இருவர் இசைவால் நீங்கவும் இடமளித்தது. பொதுச் சட்டத்தின்கீழ் மணந்த தமிழர்க்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடம் தரவில்லை. ஆதலின் புதுக்கடை நீதிமன்றம் ஏறுவோருள் ஒருவர் மற்றவரைக் குற்றஞ்சாட்டியே தீரவேண்டியதாயிற்று. அதன் தழும்பு மொழியிலும் படிந்தது. நம் நாட்டு ஆங்கில ஞாயிறு இதழ்களின் மணமக்கள் விளம்பரங்களில், விவாகரத்துப் பெற்றோர் தம்மை ‘வழக்காளி’ என்றும் ‘குற்றமற்றவர்’ என்றும் குறித்தல் கண்கூடு. புதுவாழ்வு நாடுபவர் முதலிற் கூறுவது தம் விருப்பத்தை அன்று. தம் விடுதலைத் தீர்ப்பை.

இக்குற்றத்தேடலை நேர்நின்று நோக்கிய நாவல் ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. மனைவியை இழந்த பத்திரிகையாளன் ரங்காவும் நாடக நடிகை கல்யாணியும் மணந்து, மனம் ஒட்டாது பிரிகின்றனர். ஒருவர்மேல் ஒருவர் சுமத்தக் குற்றம் இல்லாமையே அவர்கள் விவாகரத்துக்குத் தடையாகின்றது. இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தில் இருவர் இசைவால் நீங்கும் விதி 1976இல்தான் சேர்ந்தது என்பதை நினைவிற்கொண்டு அந்நாவலைக் கற்றல் வேண்டும். கல்யாணி கால் வழங்காது வீழ்ந்தபோது ரங்கா மீள்கின்றான். முடிவு உருக்கமானது, எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. நோயும் இரக்கமும் வந்தாலன்றி மறுதொடக்கம் நியாயம் பெறாதோ? வெறும் தோழமைக்காகவே இருவர் மீளக் கூடுவதை எழுத, துணிவுமிக்க அவ்வாசிரியரும் தயங்கினாரோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

நம் முன்னோரின் வழக்கில் இதனினும் நேரிய நோக்கு ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து முடித்த தேசவழமை, துணையை இழந்த தந்தையோ தாயோ மீண்டும் மணத்தலை இயல்பான நிகழ்ச்சியாகவே கொள்கின்றது. தந்தை மறுமணம் செய்யின் பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியோ நெருங்கிய உறவினரோ ஏற்பர். தாயின் சீதனத்தையும் தேடியதேட்டத்திற் பாதியையும் அவன் அவர்கள்பொருட்டு ஒப்படைத்தல் வேண்டும். தாய் மறுமணம் செய்யுங்காலும் மக்களின் பங்கு பேசப்படுகின்றது. அது இறப்பால் தனித்தோர்க்குரிய விதியேயன்றி விவாகரத்துக்குரியது அன்று. ஆயினும் அதன் நோக்கு நமக்குப் பயன்படும். மீள மணப்பது தகுமோ என்று அது வினவவில்லை. பிள்ளைகளின் உரிமை காக்கப்பட்டதோ என்றே வினவுகின்றது. பழியின் இடத்தில் பொறுப்பு நிற்கின்றது.

இவ்வாறு கொள்ளின் இல்லறத்தின் கட்டு நெகிழும் என அஞ்சுவார் உளர். கடமையை முதலிற் கேட்கும் நெறி கட்டை நெகிழ்ப்பதன்று. அதனை இருக்கவேண்டிய இடத்தில் வைப்பதாகும். இடைவயதில் துணை தேடுவோரைக் கதையிற் காணும்போது திறனாய்வாளர் கேட்கத்தக்கவை மூன்று: முன்னைய கடன் தீர்க்கப்பட்டதா? ஆணுக்குத் தந்த உரிமையை ஆசிரியர் பெண்ணுக்கும் தந்தாரா? அவ்விருவரும் கூடிச் சிறந்ததைப் பயில்கின்றனரா? இம்மூன்றற்கும் விடை தரும் கதை பெருந்திணை அன்று. வள்ளுவர் ‘துணை’ என்னும் சொல்லால் ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டார். அச்சொல்லில் வயதின் எல்லை இல்லை. ‘மறுதுணை’ என்பதை நாம் பழியின்றி வழங்கலாம். 1983இன் எரிந்த வீடுகளையும் புலம்பெயர்வின் துயரையும் எழுதிய ஈழத்து எழுத்தாளர்க்கு, வெள்ளவத்தையில் இருவர் அஞ்சி அஞ்சி மீண்டும் ஏற்றும் அடுப்பும் எழுதத்தக்க பொருளே.