தோல்சட்டையும் தீர்ப்பும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் வழக்கு. ஆடையே முழு ஆளாகிவிட்ட கதையும் உண்டு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் குழுக்களின் கதை அது. கறுப்புத் தோல்சட்டை, முதுகில் தைத்த சின்னம், தெருவை அதிரவைக்கும் வண்டி ஆகிய இம்மூன்றையும் கண்டதும் சிலர் அஞ்சுகின்றனர், சிலர் மயங்குகின்றனர். இரு சாராரும் வண்டிமேல் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த அச்சத்தையும் மயக்கத்தையும் வளர்த்த ஒரு நிழற்படத்தையும், இரு திரைப்படங்களையும், இரு நூல்களையும் ஈண்டுச் சற்று நோக்குவோம்.

1947 சூலை 4, அமெரிக்க விடுதலை நாள். கலிபோர்னியாவிலுள்ள ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக ஏறத்தாழ 4,000 பேர் திரண்டனர். ஊர்க்காவலரோ எழுவரே. உலகப்போர் முடிந்து ஈராண்டுகளே ஆன காலம் அது. போர்முனை கண்டு திரும்பிய இளைஞர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்கள் குடித்தார்கள், தெருவிலேயே வண்டிப் பந்தயம் விட்டார்கள், கூச்சலிட்டார்கள். ஏறத்தாழ 50 பேர் கைதாயினர். அவற்றுள் பெரும்பாலானவை குடிபோதை, ஒழுங்கீனம் போன்ற சிறு குற்றங்களே. ஆயினும், அம்மாதம் 21ஆம் நாளிட்ட ‘லைஃப்’ இதழ் ஒரு முழுப்பக்கப் படத்தை வெளியிட்டது. காலிப் புட்டிகள் காலடியில் குவிந்து கிடக்க, வண்டிமேல் தள்ளாடி அமர்ந்திருக்கும் ஒரு மனிதன்! புட்டிகள் படத்துக்காகவே கூட்டிச் சேர்க்கப்பட்டவை என்று அவ்விடத்தில் நின்ற ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். அவர் சொல் பலருக்கு எட்டவில்லை, படமே நிலைத்தது. அதே ஊர் 1997இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கென வண்டியோட்டிகளை வரவேற்று விழா எடுத்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

அந்நிகழ்ச்சியின் தாக்கத்தில் ஃப்ராங்க் ரூனி எழுதிய சிறுகதை 1951 சனவரியில் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வெளிவந்தது. அதனை அடியொற்றி எழுந்ததே லாஸ்லோ பெனெடெக் இயக்கி, மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ (1953) என்னும் திரைப்படம். இளைஞரைக் கெடுக்கும் என்று அஞ்சி, 1967 வரை இங்கிலாந்தின் தணிக்கைக் குழு இதற்குச் சான்றிதழ் மறுத்தது. ஆனால் படத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஊரின் நல்ல குடிமக்கள் சிலர் ஒன்றுகூடிக் கதைத்தலைவனைப் பிடித்து அடிக்கின்றனர். அவன் தப்பியோடும்போது அவர்களுள் ஒருவன் எறிந்த இரும்புக் கம்பி பட்டு வண்டி தடம் மாறுகிறது. முதியவர் ஒருவர் இறக்கிறார். பழி வந்தவன்மேல் விழுகிறது. ‘ஒழுங்கு’ என்னும் பெயரில் ஊரே வன்முறையில் இறங்குவதைத்தான் படம் கண்டிக்கிறது. பார்த்தவர் மனத்தில் தங்கியதோ பிராண்டோவின் தோல்சட்டையும் சாய்த்து வைத்த தொப்பியும் மட்டுமே. தணிக்கையாளர்கள் சட்டையைக் கண்டு அஞ்சினர். இளைஞர்கள் அதே சட்டையை வாங்கி அணிந்தனர். படம் சொன்னதை இரு திறத்தாரும் கேட்கவில்லை.

அடுத்து, ஹண்டர் தாம்ப்சன் 1967இல் வெளியிட்ட ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் நூல். தமக்குத் தாமே ‘நரகத்துத் தூதர்கள்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட கூட்டத்தாரோடு ஓராண்டளவு பழகி அவர் இதனை எழுதினார். 1965இல் கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் வெளியிட்ட அறிக்கையைச் செய்தித்தாள்கள் ஆராயாமல் பெரிதுபடுத்தியதை அவர் அம்பலப்படுத்தும் பக்கங்கள் இன்றும் இதழியலாளர்க்குப் பாடமாக விளங்குபவை. ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர், ஒருவரே தீயவர்’ என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னதற்குப் பதிவில்லை என்கிறது அச்சங்கம். எனினும், ‘அந்த ஒருவர் நாங்களே’ என்று சில குழுக்கள் அதனைச் சட்டையில் தைத்துக்கொண்டன. பிறர் சூட்டிய இகழ்ச்சியை மனிதன் அணியாகப் பூண்டுகொள்ளும் விந்தை இது.

எனினும் இந்நூலின்மேல் நமக்கு ஒரு வழக்குண்டு. லா ஹோண்டாவில் நடந்த விருந்தொன்றில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தாம்ப்சன் வருணிக்கிறார். வருணனை இருக்கிறது; அப்பெண்ணின் குரல் இல்லை. அவள் யார், பின்னர் என்னவானாள் என்று நூல் கேட்கவில்லை. செய்தித்தாளின் பொய்யை உடைக்கப் பேரார்வம் காட்டிய பேனா, கண்முன் நின்ற துயரத்தின் அருகே தயங்கிவிட்டது. அடிவாங்காதவரை, விலகி நின்று எழுதுவது எளிது. 1966இல் அக்கூட்டத்தாரில் சிலர் அவரையே அடித்து நொறுக்கியபோதுதான் வன்முறையின் சுவை அவருக்குத் தெரிந்தது.

இக்குறையை வேறொரு நூல் ஓரளவு ஈடுசெய்கிறது. டேனி லயன் என்னும் நிழற்படக் கலைஞர் சிகாகோவின் ‘அவுட்லாஸ்’ குழுவில் தாமே உறுப்பினராகிப் படமெடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்து கேட்டார். 1968இல் வந்த ‘தி பைக்ரைடர்ஸ்’ என்ற அந்நூலில் கேத்தி என்ற பெண் தன் வாழ்வைத் தானே பேசுகிறாள். வீரமும் விடுதலையும் ஆண்கள் பேசும் சொற்கள். அவள் பேச்சிலோ அச்சம், காத்திருத்தல், நகைப்பு, சலிப்பு என வாழ்வு தன் இயல்பான நிறத்தோடு வருகிறது. ஜெஃப் நிக்கல்ஸ் 2023இல் இந்நூலைப் படமாக்கியபோது, கதை சொல்லும் பொறுப்பைக் கேத்திக்கே அளித்தது சரியான தேர்வு. அப்படத்தில் ஒரு காட்சி உண்டு. குடும்பத்தலைவரான ஒரு தொழிலாளி, வீட்டுத் தொலைக்காட்சியில் பிராண்டோவின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் குழுவொன்றைத் தொடங்கும் எண்ணம் கொள்கிறார். நிழல் மனிதனைப் பின்தொடர்வது இயற்கை. இங்கே மனிதன் நிழலைப் பின்தொடர்கிறான்!

இவற்றையெல்லாம் சொல்வதால் இக்குழுக்கள் யாவும் குற்றமற்றவை என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 1990களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இரு குழுக்கள் போதைப்பொருள் வணிகத்துக்காக மோதிக்கொண்டதில் 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1995 ஆகஸ்டில் மொன்றியல் நகரத் தெருவில் வெடித்த குண்டு, அவ்வழியே நின்ற பதினொரு வயதுச் சிறுவனைப் பலிகொண்டது. அச்சிறுவன் எந்தச் சட்டையையும் அணிந்தவனல்லன். அவன் முன்னே கவர்ச்சிக் கதைகள் யாவும் வாயடைத்து நிற்கின்றன.

ஆகவே, தீர்ப்பிடுதல் தவறன்று. ஆனால் எதைக் கொண்டு தீர்ப்பிடுகிறோம் என்பதே வினா. சட்டையைக் கண்டு வெறுப்பவரும் சட்டையைக் கண்டு வியப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். செயலைப் பார்ப்பது கடினம். அதற்குப் பொறுமை வேண்டும், சான்று வேண்டும், பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்கும் செவி வேண்டும். இக்குழுக்களைப் பற்றி நாளை ஒரு புதிய படமோ நூலோ வரும்போது, வண்டி எவ்வளவு அழகாக ஓடுகிறது என்பதோடு நின்றுவிடாமல், யாருடைய குரல் அதில் விடுபட்டிருக்கிறது என்றும் கேட்போமாக. படைப்பின் நேர்மையை அளக்க அவ்வினா நமக்குத் துணைசெய்யும்.